பாக்கு உங்களுது, பொண்ணு எங்களுது

பஸ் போய்விட்டது. அது போன பிறகு எதிரே ஒரு பஞ்சர் கடை தெரிந்தது, கடைக்கு முன்னால் ஒரு நாய், நாய்க்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். ஏரியும் இல்லை, ஊரும் இல்லை. இது பெண் வீட்டு ஊரான பூவரசந்தாங்கல் இல்லை என்று இறங்கிய மூன்று பேருக்கும் இப்போது தெரிந்துவிட்டது, செழியனுக்கு மட்டும் பஸ்ஸில் இருக்கும்போதே தெரியும், ஏனென்றால் டிக்கெட் எடுத்தவன் அவன்தான். கண்டக்டர் வந்து "எங்க?" என்று கேட்டபோது வாயைத் திறந்தான், உதடு இரண்டும் சேர்ந்தன, சேர்ந்தவை பிரியவில்லை. கண்டக்டர் காத்திருந்தார், அவருக்குப் பின்னால் நின்ற அம்மாள் காத்திருந்தாள், பஸ்ஸே காத்திருப்பதுபோல இருந்தது, கடைசியில் "கூட்ரோடு மூணு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கூட்டுரோடு முந்தின ஸ்டாப். அங்கிருந்து ஏரிக்கரையோடு ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். 'ப' என்கிற எழுத்துக்கும் அவனுக்கும் இரண்டாம் வகுப்பிலிருந்து பகை. 'க' வரும், 'ச' வரும், பலருக்கு வராத ழகரம்கூட அவனுக்குச் சமர்த்தாக வரும், அந்த ஒன்று மட்டும் வராது. அப்பா ஆசை ஆசையாக வைத்த பெயர் பொற்செழியன். காலேஜ் ஹாஸ்டலில் முதல் நாளே இந்த இரண்டு தடியன்களும் முன்பாதியை வெட்டி எறிந்துவிட்டு செழியா என்று கூப்பிட்டார்கள், அதற்காகவே அவர்களைக் கட்டிக்கொள்ளலாம். ஹோட்டலில் பொங்கல் கேட்க முடியாமல் வாழ்நாளெல்லாம் இட்லி தின்று வளர்ந்த உடம்பு இது. எத்தனை வருஷத்து இட்லி! இதெல்லாம் சிரிக்கிற சமாச்சாரம்தான், மற்ற நாளாக இருந்தால் அவனே சொல்லிச் சிரிப்பான். இன்றைக்கு முடியவில்லை.

"கண்டக்டர் நம்மள ஏமாத்திட்டான்டா, மூஞ்சியப் பாத்தே நினைச்சேன்," என்றான் இம்தியாஸ். அவன் கையில்தான் பெரிய பை, பைக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய தாம்பாளத் தட்டுகள், நடக்கும்போது கிணுங் கிணுங் என்றன. "நான் டிக்கெட் எடுத்திருந்தா நேரா பொண்ணு வூட்டு வாசல்லயே பஸ்ஸ நிறுத்தியிருப்பேன்."

"நீ எடுத்திருந்தா கண்டக்டர்கிட்ட கதை பேசிப் பேசியே திருவண்ணாமலை போய்ச் சேர்ந்திருப்போம்," என்றான் ஞானவேல். "நடங்கடா. இன்னும் நேரம் இருக்கு."

மாப்பிள்ளை அவன். மாப்பிள்ளையே நடக்கிறேன் என்கிறபோது மற்றவர்கள் என்ன செய்வது, நடந்தார்கள். கார்த்திகை மாசத்து வெயில், அடைமழை விட்ட பிறகு வருகிற மஞ்சள் வெயில், முதுகில் விழுந்தால் சுகமாக இருந்தது, காலடியில் சேறு சப்பென்று ஒட்டியது. செழியன் பின்னால் வந்தான், தோளில் வாழைப்பழச் சீப்பும் தேங்காயும் இருந்த துணிப்பை, வாய்க்குள் அந்த ஒரே வரி. பாக்கு உங்களுது, பொண்ணு எங்களுது. அவ்வளவுதான் வேலை, நாலே வார்த்தை, மூன்று தரம். பரிசம் போடுகிற அன்று மாப்பிள்ளை வீட்டுக்காரர் வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டி இதைச் சொல்ல வேண்டும், பெண் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு பாக்கு எங்களுது பொண்ணு உங்களுது என்று சொல்ல வேண்டும், மூன்று தரம் சொல்லி மாற்றிவிட்டால் முடிந்தது, பெண் இந்த வீட்டுப் பெண். யாரோ ஒரு மகானுபாவன் அந்தக் காலத்தில் உட்கார்ந்து யோசித்து, நாலு வார்த்தையில் இரண்டை இந்த எழுத்திலேயே தொடங்கும்படி செய்து வைத்திருக்கிறான், அவன் மட்டும் இப்போது கையில் கிடைத்தால்! சரி, மாற்றிச் சொன்னால் என்ன, மாற்றிச் சொல்வதில்தானே செழியன் கெட்டிக்காரன். வெற்றிலை உங்களுது. அது நன்றாகத்தான் இருக்கிறது, முதல் பாதி ஆச்சு. இரண்டாம் பாதி? மகள் எங்களுது. மகளை இவன் எப்படி எங்களுது என்பான், அடி விழும். கன்னி எங்களுது. சினிமா வசனம்போல இருக்கிறது. தங்கச்சி எங்களுது, ஐயையோ, அப்படிச் சொன்னால் ஞானவேலின் கதி என்ன, அவன் அங்கேயே கிணற்றில் குதித்துவிடுவான். செழியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் போகிற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினான், அவர்களும் எதற்கென்று தெரியாமலேயே சிரித்தார்கள், சிரிப்புக்கு அப்படி ஒரு குணம்.

ஆனால் சொல்ல வேண்டியவன் ஏன் இவன்? அங்கேதான் எண்ணம் போய்ப் போய் முட்டியது. ஞானவேலுக்கு அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், அம்மா காலேஜ் கடைசி வருஷத்தில் போனாள், இருக்கிறது ஒரே ஒரு சித்தப்பா. அவன் கட்டிக்கொள்ளப்போகிற வெண்ணிலா வேறு சாதி என்று தெரிந்ததும் அந்தச் சித்தப்பா, நான் வரமாட்டேன், நம்ம ஆள் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று சொல்லி முடித்துவிட்டார். வெண்ணிலா வீட்டில் எப்படியோ சம்மதித்துவிட்டார்கள், அவளுடைய அப்பா முனிரத்தினம் தங்கமான மனுஷன். பெரியப்பா ஏகாம்பரம்தான் கொஞ்சம் அப்படி இப்படி. அவர் போனில் சொன்னதை ஞானவேல் சிரித்துக்கொண்டே இவர்களிடம் நடித்துக் காட்டினான். "உங்க பக்கம் யாரு வருவாங்க வரமாட்டாங்க, அது வேற விஷயம் தம்பி. பாக்கு மாத்தறப்ப சபையில தடங்கல் இல்லாம வார்த்தை சொல்றவனா ஒருத்தனக் கூட்டினு வாங்க. எங்கூட்ல ஒரு பரிசத்துல வார்த்தை தடுக்கிச்சு, அந்தக் கல்யாணமே நின்னுபோச்சு, ஆமா." இதைக் கேட்டு இம்தியாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். செழியனும் சிரித்தான். சிரித்து முடித்ததும் ஞானவேல் அவனைப் பார்த்து, "நீதான்டா சொல்லணும்," என்றான். என்ன சொல்லியிருக்க வேண்டும்? பைத்தியமா உனக்கு என்று கேட்டிருக்க வேண்டும், ஆனால் அதுவும் அந்த எழுத்திலேயே தொடங்கித் தொலைக்கிறது. வாயில் சட்டென்று வந்தது சரி என்கிற ஒரு வார்த்தைதான். வரக்கூடிய வார்த்தையைச் சொல்லியே பழகிய வாய், டிக்கெட்டும் அப்படித்தான் எடுக்கிறது, வாக்கும் அப்படித்தான் கொடுக்கிறது.

கரையில் ஏறியதும் ஏரி வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும், கரை மேட்டில் கடைசி அடி வைத்தவுடன் மொத்தமும் முகத்துக்கு நேரே நின்றது. இவ்வளவு தண்ணீரா! போன கோடையில் ஞானவேலோடு இதே வழியாக பைக்கில் போனபோது இங்கே வெடித்த மண்ணும் கருவேலமும்தான், பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். இப்போது கருவேல மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன, கிளைகளில் கொக்கு, அந்தப் பக்கம் ஒரு முக்குளிப்பான் தண்ணீருக்குள் தலையை விட்டது, எங்கே எழுந்திருக்கும் என்று செழியன் பார்த்துக்கொண்டே இருந்தான், எங்கேயோ எழுந்தது, இவன் பார்த்த இடத்தில் இல்லை. காற்று ஈரமாக அடித்தது. வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது.  பிறகு இம்தியாஸ் பையைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கேட்காமலேயே, ஏரியைப் பார்த்து வாயில் கையைக் குவித்து "ஹோய்" என்று கத்தினான். அந்தக் கரையிலிருந்து யாரோ திருப்பி "ஹோய்" என்றார்கள். ஞானவேலும் கத்தினான், நாளைப்பின்னே கல்யாணம் கட்டப்போகிற பெரிய மனுஷன். "நீயும் கத்துடா," என்றான் இம்தியாஸ். செழியன் கத்தினான். தொண்டையிலிருந்து தடையில்லாமல் போனது, கத்துவதற்கு எழுத்து தேவையில்லை அல்லவா, அது தண்ணீர் மேல் ஓடி எங்கேயோ மோதித் திரும்பி வந்தது. சந்தோஷமாக இருந்தது. அவனுக்கே ஆச்சரியம், பயமும் அப்படியே இருக்கிறது, சந்தோஷமும் இருக்கிறது, ஒன்றுக்காக மற்றது கொஞ்சமும் நகர்ந்து கொடுக்கவில்லை. மல்லிகைப் பூ வாசனை வேறு, பையில் இம்தியாஸின் அம்மா தொடுத்துக் கொடுத்தது. தட்டு எத்தனை வேண்டும், புடவை என்ன நிறம், மஞ்சள் எவ்வளவு என்று எல்லாம் அந்த அம்மாள்தான் பார்த்துப் பார்த்து வைத்தாள், தனக்குத் தெரியாததை மார்க்கெட்டில் பூக்காரியிடம் கேட்டு வந்து வைத்தாள், பெண் பிள்ளை யாரும் போகாமல் மூன்று ஆம்பளைகள் பரிசத் தட்டு தூக்கிக்கொண்டு போகிற கூத்தை எங்கேயும் பார்த்ததில்லை என்று தலையிலும் அடித்துக்கொண்டாள்.

"செழியா," என்றான் ஞானவேல். அவன் நடையை மெதுவாக்கிக்கொண்டு இவன் பக்கத்தில் வந்திருந்தான். "கண்டக்டர் ஏமாத்தலன்னு எனக்குத் தெரியும்."

செழியன் சேற்றைப் பார்த்து நடந்தான்.

"பின்னாடி சீட்டுலதானே இருந்தேன், கேட்டுச்சு. நான் சொல்லியிருக்கலாம். சொல்லல. நடக்கலாம்னுதான் தோணுச்சு. பஸ்ல போயிருந்தா ஒரு மணி நேரம் முன்னாடியே போய் உக்காந்துனு வேர்த்துனு இருந்திருப்பேன்."

"ஞானம், இம்தியாஸ் சொல்லட்டுமே," என்றான் செழியன். இதைச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வாரமாக நினைத்திருந்தான், எங்கே எப்படி என்றுதான் தெரியவில்லை, இப்போது ஏரிக்கரையில் இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. "அந்த ஏகாம்பரம் சொன்னது ஞாபகம் இருக்கில்ல. என்னால உன் கல்யாணம்..."

"அம்மா செத்த அன்னைக்கு," என்றான் ஞானவேல், ரொம்ப சாதாரணமாக. "நான் வார்டு வாசல்ல உக்காந்துட்டேன். போன உன்கிட்ட குடுத்துட்டேன். நீதான் எங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் போட்டுச் சொன்ன. சித்தப்பா அப்புறமா என்கிட்ட சொன்னாரு. எவனோ திக்கித் திக்கி ஏதோ சொல்றான், விளையாட்டுப் பசங்கன்னு ரெண்டு தடவ கட் பண்ணிட்டாராம். நீ மறுபடி போட்டியாம். மறுபடி. எனக்கு அது போதும்டா. வேற எவன் சொன்னாலும் அது வெறும் வார்த்தை."

செழியனுக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது, ஆஸ்பத்திரிச் சுவரின் பச்சை பெயின்ட், கையில் வேர்வையில் வழுக்குகிற போன். நான் ஞானவேலோட பிரெண்ட் பேசறேன். அந்த பிரெண்டில்தான் ஒவ்வொரு தடவையும் நின்றது, எதிர்முனையில் யாரு யாரு என்கிற குரல், பிறகு டொக். நண்பன் என்று மாற்றிச் சொல்லியிருக்கலாமே என்று அடுத்த நாள்தான் தோன்றியது, அன்றைக்கு மூளை வேலை செய்யவில்லை. அதை இவன் அவமானம் என்று நினைத்து உள்ளே எங்கேயோ மடித்து வைத்திருந்தான், அதையே ஞானவேல் வேறு என்னவோவாக வைத்திருந்திருக்கிறான், இத்தனை வருஷமாக, சொல்லாமல். ஒரே காலை, இரண்டு பேரிடம் இரண்டு விதமாக இருந்திருக்கிறது. கண்ணில் நீர் முட்டியது, காற்றுதான் என்று சொல்லிக்கொண்டான், காற்றும் அடித்ததுதான். பாக்கு உங்களுது, பொண்ணு எங்களுது. எங்களுது. அந்த வார்த்தை இப்போது வேறு மாதிரி கேட்டது. எங்களுது என்றால் யாருடையது? மூன்று தடியன்களுடையது. இந்த உலகத்தில் ஞானவேல் வீடு என்று சொன்னால் இப்போதைக்கு இந்தச் சேற்றில் நடக்கிற ஆறு கால்தான்.

சத்தம் முதலில் கேட்டது. கரை வளைந்ததும் தெரிந்தது, ஏரி கோடி போய்க்கொண்டிருந்தது, நிரம்பியது போக மிச்சத் தண்ணீர் கல்லுக்கட்டு மேல் ஏறி வெள்ளையாக அந்தப் பக்கம் விழுந்து பாதையின் குறுக்கே ஓடியது. ஊரே அங்கேதான் இருந்தது. பொம்பளைகள் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் கொளுத்தி முடித்திருந்தார்கள், ஆம்பளைகள் லுங்கியை விரித்து மீன் பிடித்தார்கள், பிள்ளைகள் விழுகிற தண்ணீருக்கு அடியில் நின்று கூச்சல் போட்டன. "யாரு, மாப்ள ஊட்டுக்காரங்களா?" என்றாள் ஒரு அம்மாள், தட்டுச் சத்தம் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள். "இன்னாபா, ரோட்டு வழியா வராம ஏரி வழியா வர்றீங்க! வாங்க வாங்க, முட்டிக்கால் அளவுதான், பாசி வழுக்கும், பாத்து." பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். தண்ணீர் சில்லென்று இழுத்தது. மாப்பிள்ளை புடவைப் பையைத் தலைமேல் தூக்கிக்கொண்டான், இம்தியாஸ் தாம்பாளங்களை, செழியன் வாழைப்பழத்தை. நடுவில் இம்தியாஸ் வழுக்கி உட்கார்ந்தான், இடுப்பு வரை நனைந்தான், தட்டுப் பை மட்டும் இரண்டு கையிலும் மேலேயே நின்றது, கரையில் இருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். ஈரப் பேன்ட்டோடு பரிசம் போடப் போகிற கோஷ்டியை ஊரே பின்னால் வந்து வீட்டில் கொண்டுபோய் விட்டது. செழியன் சிரித்துக்கொண்டே வந்தான், வாசல் வரைக்கும் சிரித்தான், வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அந்த வரி வாய்க்குள் திரும்பவும் வந்தது.

கூடத்தில் பாய் விரித்திருந்தது. முனிரத்தினம் கும்பிட்டார், குள்ளமான மனுஷர், புது வேட்டி மொடமொடவென்று நின்றது. ஏகாம்பரம் சுவரோரம் நாற்காலியில், ஈரக்கால்களைப் பார்த்தார், பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலையும் பார்த்தார், ஒருவரும் வரவில்லை. வெண்ணிலா வந்து உட்கார்ந்தாள், ஞானவேல் பேன்ட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். காபி வந்தது, தட்டுகளைப் பரப்பினார்கள், இம்தியாஸின் அம்மா சொன்ன வரிசைப்படி. "நேரம் ஆவுது, பாக்கு மாத்திடலாமா?" என்றார் ஏகாம்பரம். "சொல்றது யாரு?" செழியன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். முனிரத்தினமும் எழுந்து எதிரே நின்றார். செழியன் வாயைத் திறந்தான். உதடு சேர்ந்தது. அதே பழைய இடம், அதே பூட்டு. வெளியே பிள்ளைகள் சத்தம், தூரத்தில் கோடி விழுகிற சத்தம். நாற்காலி கிறீச்சென்றது, பெரியவர் முன்னால் சாய்கிறார், அது தெரிந்தது, வெற்றிலை உங்களுது என்றுகூட உள்ளேயிருந்து ஒன்று ஓடி வந்து நின்றது, சொல்லிவிடு சொல்லிவிடு என்றது. அவன் சொல்லவில்லை. நின்றான். மறுபடி போட்டியாம். மறுபடி. "பா," என்றான், "பா... பாக்கு உங்களுது." மூச்சு விட்டான். "பொ... பொ..." பக்கத்தில் இம்தியாஸ் மூச்சுவிடவே இல்லை. "பொண்ணு எங்களுது." இரண்டாம் தரம் அதே இரண்டு இடத்திலும் நின்றது. மூன்றாம் தரமும் நின்றது, அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை, ஆனால் மூன்றாம் தரம் அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை, எங்களுது என்பதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். மூன்று தரமும் சொல்லியாகிவிட்டது! பெரியவர் முகத்தில் மேகம் கட்டியிருந்தது, கட்டட்டும்.

இனி முனிரத்தினம் சொல்ல வேண்டும். தட்டை வாங்கிக்கொண்டார். "பாக்கு எங்களுது," என்றார் தெளிவாக. பிறகு மகளைப் பார்த்தார். "பொ..." என்றார். நின்றுவிட்டது. தொண்டைக் குழி ஏறி இறங்கியது. திரும்பவும் வாயைத் திறந்தார், சத்தமே வரவில்லை, கண்ணிலிருந்து வந்தது. வெண்ணிலா தலையைக் குனிந்துகொண்டாள். கூடம் முழுக்க ஆள், ஒவ்வொரு வாயிலும் அந்த வார்த்தை தயாராக நின்றது, ஏகாம்பரம் எழுந்தேவிட்டார், தம்பிக்குப் பதிலாகச் சொல்லி முடித்துவிட, தடங்கல் என்கிற பேச்சு வராமல் மூடிவிட. செழியனுக்கு அந்தத் தொண்டையைத் தெரியும். இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும். கையை நீட்டிப் பெரியவரைத் தடுத்தான். "பொ..." என்றான், அதுவும் நின்றது, இருங்க என்று சுலபமாகச் சொல்லியிருக்கலாம், அவனுக்கு அப்போது மாற்று வார்த்தை தேடத் தோன்றவே இல்லை. கூடத்து நடுவில் எதிரும் புதிருமாக இரண்டு ஆம்பளைகள், ஒரே எழுத்தில் நின்றுகொண்டிருந்தார்கள், மொத்த ஊரும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. "பொ... பொறுங்க," என்றான் செழியன். "அவரே சொல்லட்டும்."

ஏகாம்பரம் உட்கார்ந்தார். எல்லாரும் பொறுத்தார்கள். முனிரத்தினம் தோள்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு செழியனைப் பார்த்தார், அவசரமில்லை என்று இவன் தலையசைத்தான்.

"பொண்ணு உங்களுதுப்பா," என்றார்.